கட்டுப்படியாகும் சக்கரம்

ரோடு பைக் எனப்படும் வேக மிதிவண்டியில், பிற உறுப்புகளெல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே முதலில் மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் பின்சக்கரமே ஆகும். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவதும், சங்கிலியின் இழுப்பை ஏற்றுத் தரைக்குக் கடத்துவதும் அச்சக்கரத்தின் வேலையாக இருக்க, பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டிய கட்டாயத்தால் அதன் கம்பிகள் வலப்பக்கம் ஏறத்தாழ நெட்டுக்குத்தாகவும் இடப்பக்கம் சாய்வாகவும் கட்டப்படுகின்றன. விலை குறைந்த வண்டிகளில் தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கும் இடமும் சக்கரமே என்பதால், சட்டமும் கியரும் பல ஆண்டுகள் உழைக்கத் தக்கவையாக இருந்தும் அவற்றோடு வந்த சக்கரங்கள் அவற்றுக்கு ஈடுகொடுப்பதில்லை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோவையைச் சுற்றிய சாலைகளிலும் விடியற்காலையில் ஓட்டுவோர் பெருகிய பிறகு, மாற்றுச் சக்கரம் எது என்ற கேள்வி பழுதுபார்க்கும் கடைகளில் அன்றாடக் கேள்வியாகிவிட்டது; அக்கேள்வியோடு வருவோர் பெரும்பாலும் எடையையும் விலையையும் மட்டுமே விசாரிக்கின்றனர்.

சக்கரம் கட்டும் தொழிலில் நெடுங்காலம் இருப்போர் அக்கேள்வியை வேறு விதமாகப் பார்க்கின்றனர். சக்கரம் என்பது நான்கு பொருள்களின் கூட்டு. நடுவில் அச்சையும் அதைச் சுற்றி உருளும் குண்டுகளையும் கொண்ட ஹப். வெளியே டயரைத் தாங்கும் வளையமாகிய ரிம். இரண்டையும் இணைக்கும் கம்பிகள், அதாவது கடைவழக்கில் போக்ஸ் கம்பி. கம்பியின் மரையை ரிம்மில் பற்றி முறுக்கும் சிறு திருகாகிய நிப்பிள். இந்நான்கின் ஆயுளும் ஒன்றல்ல. நல்ல ஹப் இரண்டு மூன்று ரிம்களைத் தாண்டி உழைக்கிறது. ரிம் பிரேக் உள்ள வண்டியில் ரிம்மோ, பிரேக் கட்டையைப் போலவே தேய்ந்து தீரும் பொருள். எனவே தேய்ந்த உறுப்பை மட்டும் உள்ளூரில் வாங்கி மாற்றிக்கொள்ள இடம் தரும் சக்கரமே, வாங்கும் நாளில் சற்றுக் கூடுதலாகச் செலவு வைத்தாலும், முடிவில் மலிவான சக்கரமாக அமைகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுவே. பின்வரும் அளவுகளும் விளக்கங்களும் இதற்குத் துணையாகவே சொல்லப்படுகின்றன.

சக்கரம் எவ்வாறு கெடுகிறது என்பதை அறியாமல் அடுத்ததைத் தேர்வது பயன் தராது. பழுதுக்கு வரும் பின்சக்கரங்களில் மிகுதியாகக் காணப்படுவது கம்பி அறுந்துபோதல் ஆகும். அதுவும் கம்பியின் நடுவில் அறாமல், ஹப்பின் காது போன்ற விளிம்பில் நுழைந்து வளையும் முழங்கை போன்ற இடத்தில் அறும். பெரிய பள்ளத்தில் விழுந்ததால் அறுந்தது என்று உரிமையாளர் நம்பினாலும், உண்மையில் அது உலோகச் சோர்வு, அதாவது சிறிய விசைமாற்றம் எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப நேர்வதால் உலோகத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி மெல்ல வளர்ந்து முறியும் நிகழ்வு. அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட ‘தி பைசைக்கிள் வீல்’ என்னும் நூலில் இதனை விரிவாக விளக்கினார். கம்பியால் இழுக்க முடியுமே ஒழியத் தள்ள முடியாது. சக்கரம் கட்டும்போதே எல்லாக் கம்பிகளும் இழுத்துக் கட்டப்படுகின்றன. வண்டியில் ஆள் ஏறியதும் தரையைத் தொடும் பகுதிக்கு நேர்மேலே உள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. மற்றவற்றில் மாற்றம் மிகச் சிறிதே. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 25 மி.மீ. டயர் பூட்டிய சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால், ஒரு கிலோமீட்டருக்கு 475 சுற்றுகள் ஆகின்றன. 10,000 கிலோமீட்டர் ஓடிய சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் 47 லட்சம் முறைக்கு மேல் தளர்ந்து இறுகியிருக்கும்.

இதிலிருந்து தொழிலுக்கு உதவும் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, போதிய இழுவிசை இல்லாத சக்கரத்தில் கீழ்க்கம்பி முற்றிலும் தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த கம்பி முழங்கையில் அசைந்து அசைந்து விரைவில் அறுவதோடு, நிப்பிளும் தானாகக் கழன்று சக்கரம் கோணலாகிறது. இரண்டாவது, கம்பியை ஹப்பில் வளைத்துப் பூட்டும்போதே முழங்கையில் ஓர் உள்ளழுத்தம் தங்கிவிடுகிறது. கட்டி முடித்த சக்கரத்தின் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து வலுவாக நெரித்தால் அவ்விடம் சற்றே இளகிப் படிந்து, தங்கிய அழுத்தம் தீர்கிறது. கை வலிக்கும் இவ்வேலை சில நிமிடங்களில் முடியக்கூடியதே. ஆயினும் எந்திரத்தில் கட்டி அவசரமாகப் பெட்டியில் அடைக்கப்படும் மலிவுச் சக்கரங்கள் பலவற்றில் இதுவும் செய்யப்படுவதில்லை, இழுவிசையும் போதுமானதாக இருப்பதில்லை. ஆகவே வண்டியோடு வந்த சக்கரம் புதிதாக இருக்கும்போதே அதைக் கழற்றிக் கம்பிகளைச் சீராக இறுக்கி, நெரித்து, கோட்டம் எடுத்துக்கொள்வது மாற்றுச் சக்கரத்தின் தேவையையே பல ஆண்டுகள் தள்ளிப்போடும். ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம்; அதே பக்கத்தில் சில மாதங்களுக்குள் மூன்றாவது கம்பியும் அறுந்தால், எஞ்சியவையும் ஒரே வயதின, ஒரே சோர்வு ஏறியவை என்று கொண்டு எல்லாவற்றையும் மாற்றுவதே முறை.

இழுவிசையை அளக்கக் கருவி உண்டு. பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகளுக்குப் பெரும்பாலான அலுமினிய ரிம்கள் 100 முதல் 120 கிலோகிராம் விசை வரை தாங்கும். இடப்பக்கத்தில் சாய்வுக் கோணத்தின் காரணமாக அதில் ஏறக்குறைய பாதியே நிற்கும். கருவி இல்லாத இடத்தில் காது போதும். கம்பியை வீணைத் தந்தி போல் சுண்டினால் எழும் ஒலியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே ஒரே தடிமனும் ஏறக்குறைய ஒரே நீளமும் உடைய கம்பிகளில், இடப்பக்க ஒலியை ஷட்ஜமாகக் கொண்டால், இருமடங்கு இழுவிசையுள்ள வலப்பக்கம் பிரதி மத்திமத்தில் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் அரைச் சுர வேறுபாடு கேட்டால், இழுவிசையில் ஏறத்தாழ 12 விழுக்காடு வேறுபாடு உள்ளதென்று பொருள். நேராகச் சுழலும் சக்கரத்திலும் இந்த வேறுபாடு மறைந்திருக்கக்கூடும். ஒரு கம்பி மிகையாகவும் அடுத்தது குறைவாகவும் இழுத்து ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கும். கடையில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து நேராக ஓடுகிறது என்று நிறைவடைவோர் அதோடு ஒவ்வொரு கம்பியையும் சுண்டிக் கேட்பாராயின், விளம்பரத் தாள் எதுவும் சொல்லாத செய்தியை அறிந்துகொள்வர்.

அளவுப் பொருத்தத்தில் நேரும் குழப்பம் தமிழ்நாட்டில் தனித்தன்மை உடையது. இங்குத் தலைமுறைகளாகப் புழங்கிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிள், 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் உருவான வண்டிகள் உட்பட, பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் வழியில் வந்தது. அதன் டயர் 28 அங்குலம் எனக் குறிக்கப்படும். டயர் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. ஆகும். ரோடு பைக்கின் 700சி சக்கரத்தையும் பல கடைகளில் 28 அங்குலம் என்றே சொல்கின்றனர். ஆனால் அதன் விட்டம் 622 மி.மீ. மட்டுமே. இன்னும் பழைய விளையாட்டு வகை வண்டிகளில் 27 அங்குலம் என்ற பெயரில் 630 மி.மீ. ரிம் உண்டு, பெயரில் சிறியதாயினும் அது 700சி-யைவிடப் பெரியது. அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கச்சுவரில் 25-622 என்பது போலவும் ரிம்மின் மேல் 622×17 என்பது போலவும் அச்சிடப்படும் எண்ணைப் படிப்பதே பிழையைத் தவிர்க்கும் வழி. டயரில் முதல் எண் அதன் அகலத்தையும், ரிம்மில் பின்னெண் அதன் உள் அகலத்தையும் குறிக்கும்.

விட்டத்துக்கு அடுத்தது ஹப்பின் அகலம். அதாவது சட்டத்தின் பின்கால்களுக்கு இடையே ஹப் நிரப்ப வேண்டிய இடைவெளி. ரிம் பிரேக் உள்ள ரோடு பைக்கில் பின்னால் 130 மி.மீ.; பழைய ஆறு, ஏழு வேக வண்டிகளில் 126; க்விக் ரிலீஸ் அச்சுள்ள டிஸ்க் பிரேக் வண்டிகளில் 135; அச்சையே உருவி எடுக்கும் த்ரூ ஆக்சில் வண்டிகளில் 142. எஃகுச் சட்டமானால் 126ஐ 130 ஆக விரித்துக்கொள்ள இடமுண்டு. அலுமினியச் சட்டத்தையும் கார்பன் சட்டத்தையும் அவ்வாறு விரிக்க முயலக் கூடாது. ஐந்து மி.மீ. வேறுபாட்டை அலட்சியம் செய்து, தள்ளுபடியில் கிடைத்த சக்கரத்தை வாங்கிவந்து பூட்ட முடியாமல் நிற்பவர்கள் பலர். அவர்களிடம் அச்சக்கரம் பொருந்தாது என்று சொல்வது இத்தொழிலின் வருத்தமான கடமைகளில் ஒன்று.

பல்சக்கர அடுக்கு பொருந்தும் முறையும் இங்கேயே முடிவாக வேண்டும். மலிவான வண்டிகளில் பற்சக்கரங்களும் மிதிக்காதபோது தனியே சுழலவிடும் பொறியும் ஒரே கட்டாக ஹப்பின் மரையில் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும், இது ஃப்ரீவீல். அவ்வமைப்பில் வலப்பக்கக் குண்டுகள் பற்சக்கரங்களுக்கு உள்ளே வெகுதொலைவில் அமைந்துவிடுவதால், அச்சின் வலமுனை தாங்கல் இல்லாமல் நீண்டு நின்று, வேகத்தடைகளின் அதிர்ச்சியில் வளைந்து முறிகிறது. ஷிமானோ நிறுவனம் 1970களின் இறுதியில் பரவச் செய்த ஃப்ரீஹப் அமைப்பில் சுழற்பொறி ஹப்பின் அங்கமாகவே இருக்க, குண்டுகள் சட்டத்தின் அருகே வெளியே தள்ளி அமைகின்றன. பற்சக்கரங்கள் மட்டும் கேசட் என்ற பெயரில் அதன்மேல் வரிந்து பொருந்துகின்றன. ஃப்ரீவீல் சக்கரத்துக்கு மாற்றாக மீண்டும் ஃப்ரீவீல் சக்கரமே வாங்குவது, விலை எவ்வளவு குறைவாயினும், பரிந்துரைக்கத் தக்கதன்று. கேசட்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தாலும் ஃப்ரீஹப்புக்கு மாறுவதே நல்லது. ஷிமானோ வகை ரோடு ஃப்ரீஹப்பில் எட்டு, ஒன்பது, பத்து வேகத்துக்கு ஒரே நீளம். பதினொரு வேகத்துக்கு அது 1.85 மி.மீ. கூடுதல். நீண்ட ஃப்ரீஹப்பில் குறைந்த வேகக் கேசட்டை 1.85 மி.மீ. வளையம் ஒன்றை இட்டுப் பொருத்தலாம். குறுகிய ஃப்ரீஹப்பில் பதினொரு வேக ரோடு கேசட் பொதுவாக அமராது. எனவே இன்று எட்டு வேக வண்டி வைத்திருப்பவரும் பதினொரு வேக ஹப்பையே வாங்கினால், நாளை கியரை உயர்த்தும்போது சக்கரத்தை விற்க வேண்டியிராது.

ஹப்பின் உட்பகுதியில் இரு மரபுகள் உள்ளன. கிண்ணமும் கோனும் தனிக் குண்டுகளும் கொண்ட பழைய முறையை ஷிமானோ இன்றும் பேணுகிறது. அதில் பின்சக்கரத்துக்கு வேண்டிய கால் அங்குலக் குண்டுகள் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், கிரீஸ் மாற்றி இறுக்கம் சரிசெய்வது எந்த நல்ல தொழிலாளிக்கும் கைவந்த வேலை. ஆனால் கவனிப்பாரற்றுக் கிரீஸ் வற்றி, ஹப்போடு பிணைந்த கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டால் ஹப்பே போயிற்று. மற்றது மூடிய பேரிங் முறை. 6902 போன்ற எண்ணைச் சொல்லிப் பேரிங் கடையில் வாங்கி அழுத்திப் பொருத்திவிடலாம். இரண்டும் நல்லவையே. ஆண்டுக்கு ஒருமுறையாவது, குறிப்பாக வடகிழக்குப் பருவமழை முடிந்த பின், ஓவராயிலிங் செய்யும் பழக்கமுடையவருக்கு முதலாவதும், அப்பழக்கம் இல்லாதவருக்கு இரண்டாவதும் ஏற்றது எனலாம். ஷிமானோவின் டியாக்ரா, 105 போன்ற நடுத்தர வரிசை ஹப்களில் 32, 36 துளைகள் உள்ளவை கிடைக்குமாயின் அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்போவதில்லை.

ரிம்மைத் தேர்வதில் மூன்று செய்திகள் முதன்மையானவை: தேய்மானம், அகலம், பொருள். ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் பக்கச்சுவரே பிரேக்கின் தேய்பரப்பாக இருக்கிறது. மழைக்காலத்தில் மணலும் சேறும் பிரேக் கட்டையில் பதிந்து அரம்போல் அலுமினியத்தை அராவுகின்றன. பல ரிம்களில் இதற்கென்றே ஒரு கோடோ குழியோ இடப்பட்டிருக்கும். அது மறைந்தால் ரிம்மின் காலம் முடிந்தது. குறி இல்லாத ரிம்மில் நேரான விளிம்புள்ள அளவுகோலைச் சுவர்மேல் வைத்துப் பார்த்து, நடுவில் குழிந்து ஒளி தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த சுவர் ஒருநாள் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் பிளந்து வெளியே வளையும். அது பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் தருணத்தில், வேகமான இறக்கத்தில் நேர்வதால் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இத்தகைய நிலையில் மிகக் குறைந்த செலவில் முடியும் வழி ஒன்று உண்டு. அதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லும் கடைகள் குறைவு. ஹப்பும் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளும் நல்ல நிலையில் இருந்து ரிம் மட்டும் தேய்ந்திருந்தால், அதே துளை எண்ணிக்கையும் அதே உள்விட்டமும் உடைய புதிய ரிம்மைப் பழைய ரிம்மின் பக்கத்தில் ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு கம்பியாகப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டிக்கொண்டே வரலாம். பின்னல் கலையாது, கம்பியின் நீளம் கணக்கிட வேண்டியதில்லை, நிப்பிள்களை மட்டும் புதிதாக இட்டால் போதும். உள்விட்டம் என்று இங்குக் குறிப்பது நிப்பிள்கள் அமரும் இடத்துக்கு இடையிலான விட்டம், ரிம்முக்கு ரிம் இது மாறும், ஓரிரு மி.மீ. வேறுபட்டாலே கம்பி நீளம் பொருந்தாமற் போகலாம் என்பதால், வாங்குமுன் அளந்துகொள்ளுதல் கட்டாயம்.

அகலத்தைப் பொறுத்தவரை, 13 மி.மீ. உள் அகலமும் 23 மி.மீ. டயரும் என்றிருந்த காலம் மாறி, 17 முதல் 19 மி.மீ. உள் அகலமும் 25 அல்லது 28 மி.மீ. டயரும் வழக்கமாகிவிட்டன. இம்மாற்றம் நம் சாலைகளுக்கு மிகவும் ஏற்றது. அறிவிப்புப் பலகையோ வெள்ளைக்கோடோ இல்லாத வேகத்தடைகள் மிகுந்த சாலையில், அகலமான டயரில் மிதமான அழுத்தம் வைத்து ஓட்டுவது, எந்த விலையுயர்ந்த ரிம்மும் தராத பாதுகாப்பைச் சக்கரத்துக்குத் தருகிறது. எனினும் பழைய ரிம் பிரேக் சட்டங்கள் பலவற்றில் 25 மி.மீ. டயருக்கு மேல் இடம் இராது; ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்த பிறகே 28 மி.மீ. டயரை எண்ணிப் புதிய ரிம் வாங்க வேண்டும். அண்மையில் பரவிவரும், உள்விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்களில் காற்றழுத்தம் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ அளவைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதற்கென ஒப்புதல் பெற்ற டியூப்லெஸ் டயர்களையே அவற்றில் இட வேண்டும். நூறு பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கைகளும், கிடைத்த டயரை வாங்கி மாட்டும் நிலைமையும் உள்ள சூழலில், கொக்கியுள்ள ரிம்மே பாதுகாப்பானது.

கார்பன் ரிம்களின் கவர்ச்சி பெரிது, விலையும் இறங்கிவருகிறது. டிஸ்க் பிரேக் வண்டிக்கு நம்பகமான தயாரிப்பாளரின் கார்பன் ரிம்மை வாங்குவதில் தடையில்லை. ரிம் பிரேக் வண்டிக்கு மலிவான கார்பன் ரிம் வாங்குவதைத் தொழிலறிந்தோர் எவரும் ஒப்புவதில்லை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்விறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தாலும் ரிம் கொதிக்கும். அலுமினியம் அவ்வெப்பத்தைச் சுற்றிலும் பரப்பிக் காற்றில் விடும். கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசினோ வெப்பத்தை ஓரிடத்தில் தேக்கி, தன் தாங்கும் எல்லையைக் கடந்தால் இளகிவிடும். டயரின் அழுத்தம் இளகிய சுவரைப் பிதுக்கிவிட்டால் அதன்பின் வண்டியைக் காப்பாற்ற வழியில்லை.

கம்பியின் எண்ணிக்கை பற்றிய விவாதம் நீண்டது. 1990களின் நடுப்பகுதி வரை பந்தய வீரர்களும் கையால் கட்டிய 32, 36 கம்பிச் சக்கரங்களிலேயே ஓட்டினர். பிரெஞ்சு நிறுவனமான மாவிக் 1996இல் ஹீலியம், 1999இல் கிசிரியம் ஆகிய குறைந்த கம்பிச் சக்கரங்களை முழுமையாகக் கட்டி விற்கத் தொடங்கிய பின், தொழிற்சாலைச் சக்கரமே நாகரிகமானது. காற்றின் தடையைக் குறைப்பதில் குறைந்த கம்பிகளுக்குப் பயன் உண்டு என்பது உண்மையே. ஆயினும் 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் ரிம் ஒருபுறம் இழுபட்டுப் பிரேக்கிலோ சட்டத்திலோ உரசி வண்டி நின்றுவிடும். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகளைச் சற்றே திருத்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் பிறர் உதவியின்றி முடிக்க வேண்டிய பிரெவே எனப்படும் நெடுந்தொலைவு ஓட்டங்களில் ஈடுபடுவோருக்கு, இந்த வேறுபாடு ஓட்டத்தை முடிப்பதற்கும் நள்ளிரவில் நெடுஞ்சாலையோரம் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு. பொதுவாக முன்னால் 28, பின்னால் 32 கம்பி பெரும்பாலோருக்குப் போதும். உடல் எடை 90 கிலோவைத் தாண்டுவோரும் சுமையோடு பயணம் செய்வோரும் பின்னால் 36 வைத்துக்கொள்வது நலம்.

கம்பியின் வகையில் ஒரு நுட்பம் உண்டு. முழுநீளமும் 2 மி.மீ. தடிமனுள்ள கம்பியைவிட, இரு முனைகளில் 2 மி.மீ.யும் நடுவில் 1.8 மி.மீ.யும் உள்ள கம்பி நீண்ட ஆயுள் உடையது. மெலிந்த நடுப்பகுதி சற்றுக் கூடுதலாக நீண்டு கொடுப்பதால், பாரம் ஏறும்போது கம்பி முற்றும் தொய்வதில்லை. விசைமாற்றம் முழங்கையைத் தாக்குவதும் குறைகிறது. விலை கூடுதலாயினும், குறைந்தது பின்சக்கரத்தின் இடப்பக்கத்துக்காவது இதைப் பயன்படுத்துவது தக்கது. கடலோர ஊர்களில் முலாம் பூசிய சாதாரண எஃகுக் கம்பிகள் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறுவதும், அலுமினிய நிப்பிள்கள் கம்பியோடு இறுகிப் பிடித்துத் திருகும்போது நொறுங்குவதும் கண்கூடு. துருப்பிடிக்கா எஃகுக் கம்பியும், மரையில் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டிய பித்தளை நிப்பிளும் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நிப்பிளைத் திருகும் சாவிக்கு இணங்குகின்றன. பின்னலில் மூன்று குறுக்கு முறை, அதாவது ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் கடந்து செல்லும் முறை, மிதியின் முறுக்கை ஏற்பதற்குச் சரியானது.

எடையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொண்டால், ஒரு ஜோடிச் சக்கரத்தில் 400 கிராம் குறைப்பது மொத்தத்தில் அரை விழுக்காடு. ஒரு மணி நேரம் எடுக்கும் செங்குத்தான மலையேற்றத்தில் அதனால் மிஞ்சுவது ஏறத்தாழ 18 விநாடி. வேகம் கூட்டும்போது ரிம்மில் உள்ள எடை சுழற்சியின் காரணமாக இருமடங்காகத் தோன்றும் என்பது சரியே. அப்போதும் அது ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. பந்தயக்காரருக்கு அவ்விநாடிகள் பொருளுடையவை. பிறர் அதற்காகத் தரும் விலை மிகுதி.

இனி, கட்டிய சக்கரம் வாங்குவதா, உறுப்புகளை வாங்கிக் கட்டுவிப்பதா என்ற கேள்வி எஞ்சுகிறது. இங்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது, புதிய ஹப், ரிம், கம்பி மூன்றையும் சில்லறை விலையில் தனித்தனியே வாங்கிக் கூலியும் தந்தால், தொழிற்சாலையில் கட்டிய துவக்கநிலைச் சக்கர ஜோடியைவிடச் செலவு கூடும் என்பதே; மொத்தக் கொள்முதல் செய்யும் நிறுவனத்தோடு தனியொருவர் போட்டியிட முடியாது. ஆகவே பழைய ஹப் நல்லதாக இருப்பின் அதன்மேல் புதிய ரிம் கட்டுவது முதல் வழி. அதற்கு வாய்ப்பில்லாதபோது, ஜோடி 1,900 கிராம் அளவில் ஷிமானோ முதலிய நிறுவனங்கள் விற்கும் எளிய அலுமினியச் சக்கரங்களில் ஒன்றை வாங்கி, சுண்டிப் பார்த்து இறுக்கிக்கொள்வது இரண்டாம் வழி. அவ்வாறு வாங்கும்போது, கம்பி முழங்கை வளைவுள்ள பொதுவகையா, அந்நிறுவனம் மட்டுமே தரும் தனிவகையா என்று கேட்டறிவது இன்றியமையாதது. தனிவகைக் கம்பி ஒன்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, முடிவில் முழுச் சக்கரத்தையும் கைவிட்டோர் உண்டு. பல வேளைகளில் முன்சக்கரத்துக்கு எந்தக் குறையும் இராது. பின்சக்கரத்தை மட்டும் வாங்கினால் செலவு ஏறத்தாழ பாதியாகும். இரு சக்கரமும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதற்குத் தடை ஏதுமில்லை.

பயன்படுத்திய சக்கரம் வாங்குவோர் பார்க்க வேண்டியவை சிலவே: பிரேக் படும் சுவரின் குழிவு, ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றிய மயிரிழை விரிசல், அச்சை விரலால் சுழற்றும்போது உணரப்படும் சொரசொரப்பு, ஹப்பின் விளிம்பில் கம்பித் துளைகளுக்கு இடையே வெடிப்பு. இவற்றில் துளை விரிசல் இருந்தால் பேரம் பேசவும் தேவையில்லை, அதை விட்டுவிடலாம்.

புதிய சக்கரத்தில் முதல்முறை ஏறி ஓட்டும்போது சில நேரம் கம்பிகள் டிங் டிங் என ஒலிக்கும். நிப்பிளைத் திருகும்போது கம்பியும் உடன் முறுக்கிக்கொண்டு, பாரம் ஏறியதும் அம்முறுக்கு அவிழ்வதால் எழும் ஒலி அது. தேர்ந்த தொழிலாளி சாவியை வேண்டிய அளவுக்குச் சற்று மிகையாகத் திருப்பி, மிகையைப் பின்வாங்கி, அம்முறுக்கைக் கட்டும்போதே தீர்த்துவிடுவார். ஒலி கேட்ட சக்கரத்தை முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை கோட்டம் பார்த்துவிட வேண்டும். உயர் அழுத்த டயருக்குரிய துணி அல்லது கெட்டி நெகிழி நாடா ரிம்மின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய ரப்பர் பட்டை துளைகளுக்குள் பிதுங்கி டியூப்பை உள்ளிருந்தே துளைத்துவிடும். சக்கரம் கட்டியவர் முன்சக்கரத்துக்கும், பின்சக்கரத்தின் வலப்பக்கத்துக்கும், இடப்பக்கத்துக்கும் இட்ட கம்பிகளின் நீளத்தை மி.மீ. கணக்கில் ஒரு சீட்டில் எழுதி, ஒவ்வொரு அளவிலும் இரண்டு கம்பிகளை நிப்பிளோடு சேர்த்துக் கட்டித் தருவார். தராவிடில் கேட்டு வாங்கி, வண்டியின் பின்கால் குழாயோடு நாடாவால் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.